அந்தத் தகரத்தை நான்தான் கழற்றினேன்

மகன்,

உனக்கு அல்லாஹ்வின் சாந்தி கிடைக்கட்டும். இந்தக் கடிதத்தை நின்ற நிலையில் பிரிக்காதே. கொழும்பில் உன் அறையில் கூட்டாளிமார் யாரும் இல்லாத நேரம் பார்த்து, இருந்து வாசி. போனில் சொல்லலாம் என்று மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் "சாப்பிட்டியா மகன்" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இன்னும் ஒன்பது நாளில் நீ விமானம் ஏறுகிறாய். அதற்கு முன் இது உன் கைக்கு வர வேண்டும் என்பதால் தபாலை நம்பாமல், கொழும்புக்கு லொறி ஓட்டுகிற நம் பக்கத்து வீட்டு ரஹீமிடம் கொடுத்துவிடுகிறேன்.

போன கிழமை நூலக மண்டபத்தில் உன்னை வழியனுப்பக் கூட்டம் வைத்தார்களே, அதில் இருந்து தொடங்குகிறேன். நான் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். நீ மேடையில் நின்று, மலாவி நாட்டுக் கிராமங்களில் மரவள்ளி சீவவும் சோளம் அரைக்கவும் கையால் சுற்றுகிற மெசின்கள் செய்து கொடுக்கப் போவதைச் சொன்னாய். பிறகு யாரும் கேட்காமலே ஒரு கதை சொன்னாய். "எனக்குப் பதினொரு வயசில, பாண்டிருப்பு புவனா மாமிட நாலு விரல் மெசினுக்குள்ள போச்சு. வெளிநாட்டில இருந்து வந்த ஒருத்தர் அரைகுறையா இறுக்கிட்டுப் போன மெசின். அண்டைக்கு யோசிச்சன், கை வெட்டாத மெசின் ஒண்டு நான் செய்யணும் எண்டு." மண்டபம் முழுக்கக் கை தட்டியது. பக்கத்தில் இருந்த பெண் என் தோளைத் தட்டி, "இந்தப் புள்ளயப் பெத்த வயிறு குளிர்ந்திருக்கும்" என்றாள். எனக்கு அங்கேயே நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. நீ சொன்ன கதை பொய் மகன். நீ பொய்யன் இல்லை. நான் உனக்குச் சொல்லிவைத்த பொய்யை மெய்யென்று நம்பி, அதன் மேலே உன் படிப்பைக் கட்டி, உன் வாழ்க்கையைக் கட்டி, இப்போது அதைச் சுமந்துகொண்டு கடல் தாண்டப் போகிறாய்.

சுனாமியில் உன் வாப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு மருதமுனையில் இருந்த நம்மை எல்லாம் ஒரு பாடசாலையில் வைத்திருந்தார்கள். அங்கேதான் புவனாக்காவைக் கண்டேன். அவவும் அதே காலையில் புருஷனை இழந்தவ. கையில் மகள் நிரோஜா, இடுப்பில் ஒரு சீலை, வேறு ஒன்றும் இல்லை. அந்தச் சீலையின் ஒரு பக்கத்தைக் கிழித்து உனக்குக் காற்சட்டை தைத்துத் தந்தவ அவதான், கை ஊசியால், அளவு நாடா இல்லாமல். அப்படி ஒரு கை. பிறகு பாண்டிருப்பில் வீடு கிடைத்ததும் ஒரு தையல் மெசின் எடுத்தா. நம் ஊர்க் கல்யாணப் பெண்கள்கூட பிளவுஸ் தைக்க அவவிடம்தான் போவார்கள். உன் பள்ளிச் சட்டை அத்தனையும் அவ தைத்தது. நீ மாமி மாமி என்று அவ வீட்டிலேயே கிடப்பாய்.

சில வருஷம் கழித்து யோனாஸ் வந்தான். இருபத்தாறு வயதுப் பொடியன், ஜெர்மன்காரன், சம்பளம் இல்லாமல் வேலை செய்ய வந்தவன். மீன் வயிற்றில் இருந்த நபியின் பெயர்தான் தன் பெயரும் என்று அவனே சொன்னதால் எங்களுக்கு அவன் யூனுஸ் தம்பி ஆகிவிட்டான். அவன் வந்த தொண்டர் குழு, கைவிடப்பட்ட பெண்கள், விதவைகள் என்று பார்த்து ஐந்து ஊரில் சங்கம் அமைத்தது. நானும் புவனாக்காவும் இருந்த நம் சங்கத்துக்கு என்னைத் தலைவியாகப் போட்டார்கள், நான் பாலர் பாடசாலையில் படிப்பித்தவள் என்பதால். யூனுஸ் தம்பி முதல் மாதம் ஒன்றும் செய்யவில்லை. கடைகளுக்குச் சிப்ஸ் பொரித்துக் கொடுத்துவந்த எங்களோடு பாயில் குந்தி இருந்து மரவள்ளி உரித்தான், சீவினான், விரலை வெட்டிக்கொண்டான், நாங்கள் சிரித்தோம். "அக்கா, இதில எது கஷ்டம்?" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டான். சிப்ஸுக்கு ஒரே அளவாகச் சீவுவதுதான் கஷ்டம் என்றோம். அதன் பிறகுதான் கல்முனையில் ஒரு பட்டறையில் போய் இருந்து, பழைய சைக்கிள் சாமான்களை வைத்து அந்த மெசினைச் செய்து, ஐந்து சங்கத்துக்கும் ஒவ்வொன்று கொடுத்தான்.

உனக்கு அது ஞாபகம் இருக்கும். ஒருத்தி சைக்கிள் போல மிதிப்பாள். பாரமான சில்லு சுற்றும். சில்லில் மூன்று கத்தி. கத்திக்கு முன்னால் இரண்டு முழ நீளத்தில் தகரத்தால் செய்த சதுரக் குழாய். மற்றவள் கிழங்கை அந்தக் குழாய்க்குள் போட்டு ஒரு கட்டையால் தள்ளுவாள். எவ்வளவு நீளக் கை என்றாலும் விரல் கத்தியைத் தொடாது. அந்தக் குழாயை நாலு நட் போட்டு இறுக்கியிருந்தான். எங்களை வரிசையாக நிற்கவைத்து, கட்டை இல்லாமல் கையை உள்ளே விடச் சொல்லி, எட்டவில்லை என்று ஒவ்வொருத்திக்கும் காட்டினான். "இத மட்டும் கழட்டாதீங்க. மெசின் உடைஞ்சாலும் பரவாயில்ல, இத மட்டும் கழட்டாதீங்க" என்று தமிழில் சொன்னான். அந்தத் தமிழைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் நிறைய ஓடர் வந்தது. அந்த முறை சொறிக்கல்முனையில் இருந்து வந்த கிழங்கு நல்ல பருமன். குழாய்க்குள் போகாது. ஒவ்வொன்றையும் நாலாய்ப் பிளந்துதான் போட வேண்டும். பிளந்தால் சிப்ஸ் வட்டமாக வராது, கடைக்காரர் முகம் சுளிப்பார். யூனுஸ் தம்பி விசா அலுவலாகக் கொழும்புக்குப் போயிருந்தான். நான் ஒரு நட்டுச் சாவியை எடுத்து நாலு நட்டையும் கழற்றி, குழாயை மூலையில் வைத்தேன். கிழங்கை நேரே கத்தியில் பிடித்தால் பூப்போல விழுந்தது. நான் சந்தோஷப்பட்டேன் மகன். கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

புவனாக்கா வேண்டாம் என்றா. "வேணாம் புள்ள. அந்தப் பொடியன் அவ்வளவு சொல்லிட்டுப் போயிருக்கான்."

"அவன் சின்னப் புள்ளயளுக்குச் சொல்ற மாதிரிச் சொல்றான் அக்கா. நாம கத்தி புடிக்காத ஆக்களா? உங்களுக்குப் பயமெண்டா நான் புடிக்கிறன், நீங்க மிதியுங்க."

நாலு நாள் நான் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் எனக்குக் கை வலித்தது. "இண்டைக்கு நீங்க கொஞ்சம் புடிங்க அக்கா" என்று நான்தான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ நேரம் என்று மற்றவர்கள் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும்தான். நான் மிதித்தேன். அவ நிரோஜாவின் படிப்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தா. கணக்கில் நல்ல மார்க்ஸ் எடுத்திருக்கிறாள், டீச்சராக வரப் பார்க்கிறாள் என்று. நான் கதை கேட்கிற ருசியில் வேகமாக மிதித்தேன். கிழங்கு வழுக்கியது. அவ கத்தியது கேட்டு நான் காலை எடுத்தேன், ஆனால் பாரச் சில்லு உடனே நிற்காது. அது இன்னும் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித்தான் நின்றது. வலது கை. பெருவிரல் மட்டும் மிஞ்சியது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். என் முக்காட்டுத் துணியால் அவ கையைச் சுற்றினோம். ஒரு திரீவீல் வந்தது. இரண்டு பெண்கள் அவவைத் தாங்கி ஏற்றினார்கள். அவ என்னைப் பார்த்து, "நீயும் வா புள்ள" என்றா. இப்போது சொல்வதை வாசித்த பிறகு என்னை உம்மா என்று கூப்பிட உனக்கு மனம் வருமோ தெரியாது. நான் போகவில்லை. "கதவப் பூட்டிட்டுப் பின்னால வாறன்" என்றேன். திரீவீல் திரும்பியதும் உள்ளே வந்து, மூலையில் கிடந்த குழாயை எடுத்து, ஒரேயொரு நட்டில் தொங்குகிற மாதிரி மாட்டினேன். மற்ற மூன்று நட்டையும் நிலத்தில் இரத்தத்துக்குப் பக்கத்தில் போட்டேன். கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காதது. பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனேன்.

ஏன் செய்தேன் என்று உனக்குச் சொல்லப் பலதடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தலைவி என்ற பேர் போய்விடும் என்ற பயம். ஊர் என்ன சொல்லும் என்ற பயம். அந்தக் காலம் இரண்டு ஊருக்கும் நடுவில் சின்னக் கல் விழுந்தாலும் பெரிய சத்தம் கேட்கிற காலம். ஒரு முஸ்லிம் பெண்ணால் ஒரு தமிழ்ப் பெண்ணின் கை போனது என்று வந்தால் என்ன ஆகும் என்று ஊருக்காகப் பயந்தேன் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாட்டு. நான் எனக்காகத்தான் பயந்தேன்.

யூனுஸ் தம்பி இரண்டாம் நாள் வந்தான். அவனோடு அந்தத் தொண்டர் குழுவின் பெரியவர் ஒருவரும் வந்தார். வார்ட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். பெரியவர் என்னிடம் கேட்டார், என்ன நடந்தது என்று. "குழாய் கழண்டு விழுந்திட்டு சேர். நட் இறுக்கமா இருக்கல்ல போல" என்றேன். பிறகு புவனாக்காவிடம் கேட்டார். அவ என் முகத்தைப் பார்த்தா. எவ்வளவு நேரம் பார்த்தாவோ. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, "எனக்கு ஒண்டும் ஞாபகமில்ல" என்றா. யூனுஸ் தம்பி கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு இருந்து, "என்ட பிழை அக்கா. நான் சரியா இறுக்கல்ல. என்ட பிழை" என்று அழுதான். நான் படிப்பித்த தமிழில்தான் அவன் அதையும் சொன்னான். புவனாக்கா தன் இடது கையை எடுத்து அவன் தலையில் வைத்தா. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஐந்து ஊர் மெசினையும் திருப்பி எடுத்தார்கள். சொறிக்கல்முனையில் இருந்து லொறி வந்தபோது அங்கத்தைய சங்கப் பெண் ஒருத்தி பின்னாலேயே பஸ் ஏறி வந்து, "எங்கட மெசின்ல ஒரு பிழையும் இல்லையே, ஏன் எடுக்கிறீங்க?" என்று யூனுஸ் தம்பியிடம் கெஞ்சினாள். அவன் மெசினை லொறியில் இருந்து இறக்கத் தொடங்கினான். போகிற நாள் நம் வீட்டுக்கு வந்தான். நீ கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அவனோடு கதைக்க மாட்டேன் என்றாய். அவன் போனதும், அவன் உனக்குத் தந்த சைக்கிள் மணியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டாய். நான் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.  அந்தக் கோபம்தான் பிறகு உன்னைப் படிக்கவைத்தது என்று நீ மேடையில் சொன்னபோது, அந்த மணி தண்ணீரில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

புவனாக்காவின் தையல் மெசின் ஒரு வருஷம் துணி போட்டு மூடிக் கிடந்தது, பிறகு இல்லாமல் போனது. நிரோஜா சோதனை எழுதவில்லை. பதினாறு வயதில் தையல் பேக்டரிக்கு பஸ் ஏறினாள். கணக்கில் கெட்டிக்காரியாக இருந்த பிள்ளை. நீ கெம்பஸ் போன வருஷம் புவனாக்கா உனக்குப் பயணத்துக்குப் பலகாரம் சுட்டு அனுப்பினா, இடது கையால் பிசைந்து. நீ சாப்பிட்டாய், நான் சாப்பிடவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் நான் வட்டிலப்பமும் இறைச்சியும் கொண்டு போவேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவ பொங்கல் அனுப்புவா. ஊர் எங்களைப் பார்த்து, சினேகிதம் என்றால் இதுதான் என்று சொன்னது. நான் அவவுக்கு எவ்வளவோ செய்தேன் மகன். ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனேன், நிரோஜாவின் கல்யாணத்துக்கு ஓடித்திரிந்தேன். செய்யவேண்டிய ஒன்றைச் செய்யாமல் மற்ற எல்லாம் செய்தேன்.

மூன்று மாதத்துக்கு முன் அவ சிறுநீரகம் பழுதாகி ஆசுபத்திரியில் கிடந்தபோது நான் போயிருந்தேன். பகல் நேரம், வார்ட்டில் சனம் குறைவு. அவ இடது கையால் என் கையைப் பிடித்து, "ஏதும் சொல்லணுமா புள்ள?" என்று கேட்டா.

"ஒண்டுமில்ல அக்கா. நீங்க சுகமாகி வாங்க."

"ஓம்" என்றா. கையை விட்டுவிட்டா. இரண்டு நாளில் போய்விட்டா.

அல்லாஹ்வுக்குச் செய்த பிழையை அல்லாஹ் பொறுப்பான். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர் பொறுத்தால்தான் அவனும் பொறுப்பான் என்று உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லித்தந்தவள் நான். சொல்லித்தந்தவளுக்கு மன்னிப்புக் கேட்க இப்போது ஆள் இல்லை.

நூலகக் கூட்டம் முடிந்து இரண்டாம் நாள் காலையில் நான் பாண்டிருப்புக்கு நடந்து போனேன். நிரோஜா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், உனக்கு இங்கே எழுதியதை ஒன்றும் விடாமல். அவள் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். துணியில் இருந்து தண்ணீர் சொட்டி அவள் காலடி நனைந்தது. நான் முடித்ததும் சொன்னாள்:

"எனக்குத் தெரியும் மாமி. அம்மா சொல்லியிருக்கா."

நான் கேட்டேன்: "எப்ப சொன்னவ?"

"நான் வேலைக்குப் போக வெளிக்கிட்ட அண்டைக்கு. ஆரிட்டயும் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ. உங்களப் பத்தி, அவள் பாவம், பொடியன் ஒருத்தனோட தனியா நிக்கிறவள், அவளா வந்து சொல்லட்டும் எண்டு சொன்னவ." கையில் இருந்த துணியைக் கொடியில் போட்டாள். "ஒவ்வொரு பெருநாளும் நீங்க சாப்பாடு கொண்டு வரக்குள்ள அம்மா வேற சீல மாத்திக்கொண்டு இருப்பா மாமி. இண்டைக்குச் சொல்லுவா, பாரன், இண்டைக்குச் சொல்லுவா எண்டு. நீங்க போன பிறகு ஒண்டும் கதைக்க மாட்டா. பின்னேரம்தான் சாப்பாட்டத் திறப்பா."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். கோபமாக இல்லை. "என்னப் பொறுத்துக்கொள் புள்ள" என்றேன். அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "பொறுக்கிறதுக்கு நான் ஆரு மாமி? கை என்ட இல்லையே." பிறகு மீதி உடுப்பையும் கொடியில் போட்டு முடித்துவிட்டு உள்ளே போனாள். நான் திரும்பி நடந்து வந்தேன்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. நீ செய்கிற மெசினில் கை எட்டாது, எட்டவே எட்டாது என்று படம் கீறி எனக்குக் காட்டினாய். யூனுஸ் தம்பியின் மெசினிலும் எட்டவில்லை மகன். அதைக் கழற்றியது அவசரப்பட்ட ஒரு பெண். அவள் கெட்டவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாலர் பாடசாலை டீச்சர், ஐந்து நேரம் தொழுகிறவள். நீ போகிற ஊரிலும் அப்படி ஒருத்தி இருப்பாள். பருமனான கிழங்கும் வரும், திருநாளும் வரும், நீ வேறு ஊருக்குப் போகிற நாளும் வரும். மெசினைக் கொடுத்துவிட்டு, "இதைக் கழற்றாதே" என்று மட்டும் சொல்லாதே. "இது உங்களுக்கு எங்கே இடைஞ்சல் தருகிறது" என்று கேள். பத்துத் தரம் கேள். பருமனான கிழங்குக்கு ஏற்ற மாதிரிக் குழாயைப் பெரிதாக்கித் தா என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் ஒரு நாளில் செய்து தந்திருப்பான். எனக்கு அது தோன்றவே இல்லை. மற்றது, ஒரு பிழை நடந்தால் ஆட்களைத் துருவிப் பிடிக்காதே. பிழையைச் சொன்னவளுக்கு உன்னிடம் இடம் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியட்டும். எனக்கு அப்படி இடம் இருந்தது. அவன் நல்லவன், புவனாக்கா அவனைவிட நல்லவ. இருந்தும் நான் போகவில்லை. ஆகவே இந்தப் புத்திமதியால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன்.

யூனுஸ் தம்பி ஊருக்குப் போன முதல் வருஷம் எனக்கு ஒரு கடிதம் போட்டான். புவனாக்கா எப்படி இருக்கிறா என்று கேட்டிருந்தான். தான் இனி மெசின் செய்வதில்லை, ஒரு கடையில் வேலை செய்வதாக எழுதியிருந்தான். நான் பதில் போடவில்லை. அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். விலாசம் பின்னால் இருக்கிறது. பழைய விலாசம், அவன் அங்கே இருப்பானோ தெரியாது. உன் இங்கிலீஷில் அவனுக்கு எழுது. நாலு நட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது, கழற்ற எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது என்று எழுது. என் பேரைப் போட்டு எழுது. இனி எந்த மேடையிலும் அந்தக் கதையைப் பழைய மாதிரி சொல்லாதே. புதிய மாதிரி சொல்வதென்றால் சொல், நான் வெட்கப்படுவேன் என்று பார்க்காதே.

வேண்டுமென்றால் என்னோடு கதைக்காமலே போ. எயார்போர்ட்டுக்கு வராதே என்று சொல், நான் வரவில்லை. ஆனால் போகமுன் ஒருநாள் கிடைத்தால் வீட்டுக்கு வா மகன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க அல்ல. நீ என் முன்னால் இருக்க, இதே கதையை நான் என் வாயால் ஒருதரம் சொல்ல வேண்டும். கடதாசியில் எழுதுவது லேசு. முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய ஒரு ஆளுக்கு நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீ இன்னும் உயிரோடு இருக்கிறாய்.

உன் உம்மா